மயில் 27, சக்கரம் 27

நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை சோம்பலால் வந்தவை. அவற்றால் யாருக்கும் பெரிய சேதம் கிடையாது. ஒரு சோம்பேறியால் எவ்வளவுதான் கெடுத்துவிட முடியும்? உருப்படியாகச் சேதம் செய்த ஒரே தவறு, நான் அக்கறையோடு உழைத்தபோது நடந்தது.

விருதுநகரிலிருந்து சூலக்கரைக்குப் போகும் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். பக்கத்தில் கலெக்டர் ஆபீஸ் இருப்பதால் திங்கட்கிழமைதோறும் நாலைந்து பேராவது மனு எழுத வேண்டும் என்று படியேறி வந்துவிடுவார்கள். "இங்க மனு எழுதறதில்லைங்க" என்றால், "அப்ப என்னதான் எழுதுறீக?" என்பார்கள். நியாயமான கேள்வி. பத்து வருடமாக அதற்கு ஒரு வரியில் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாலு வரி கொடுத்தால் சொல்லிவிடலாம். ஓர் இரும்பு ஷெட்டை நிஜமாகக் கட்டுவதற்கு முன்னால் அதைக் கணினிக்குள் முழுசாகக் கட்டிப் பார்க்கிறோம். தூண், உத்திரம், தகடு, போல்ட் என்று ஒன்று விடாமல். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, வரைபடம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புகிறோம். பட்டறையில் அந்த வரைபடத்தைப் பார்த்து வெட்டுவார்கள். வெட்டிய துண்டின் மேல் அந்த எண்ணை நம்பர் பஞ்ச் வைத்து அடிப்பார்கள். எந்தத் துண்டு எதோடு சேர வேண்டும் என்று இன்னொரு வரைபடம் சொல்லும், அந்த எண்ணைத் தேடி எடுத்து வெல்டிங் செய்வார்கள். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒரு பெரியவர், "அப்ப பட்டாவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்ல" என்று உறுதி செய்துகொண்டு இறங்கிப் போனார்.

'எங்கள் அலுவலகம்' என்ற பன்மை பெருமைக்குச் சொன்னதல்ல. உண்மையிலேயே இரண்டு பேர் இருக்கிறோம். நான் ஒருவன். இன்னொருவர் ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். முப்பத்தைந்து வயது, டிப்ளமோ படித்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவருடைய அம்மாவும் அத்தைகளும் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்பதால் ஆமத்தூர்க்காரர் என்றே சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் கடிதம் தட்டச்சு செய்ய வந்தார். இன்றைக்கு அந்த மென்பொருளில் எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரியும். மாடியின் வாடகை ஒப்பந்தம் மட்டும் இன்னும் என் பேரில் இருக்கிறது.

எங்கள் வரைபடம் ஒவ்வொன்றின் வலது மூலையிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று 'வரைந்தவர்', மற்றது 'சரிபார்த்தவர்'. ஐந்து வருடமாக முதல் கட்டத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்து, இரண்டாவதில் என்னுடையது. உண்மையில் சரிபார்த்ததும் அவர்தான். நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதத்தைக் கொஞ்ச நேரம் தூரத்தில் பிடித்துப் பார்ப்பேன். இந்த வருடம் ஒரு வேலை வந்தபோது, இதை இனிமேலாவது ஒழுங்குபடுத்துவோம் என்று தோன்றியது. சிவகாசி சாலையில் ஒரு அச்சகத்துக்குப் புது மெஷின் வைக்க ஷெட். ஆடிப் பதினெட்டில் காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் குவியத் தொடங்கும். அதற்குள் மெஷின் ஓட வேண்டும். ஆடி மாதத்தில் எந்த முதலாளியும் தூண் நட மாட்டார். ஆகவே ஆனி முடிவதற்குள் ஷெட் நின்றாக வேண்டும்.

இரும்பு வேலை எடுத்தவர் சாத்தூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிறவர். அவரிடம் போனில் சொன்னேன்: "இந்த வேலையில சரிபாக்கிறது எங்க ஆபீஸ் அம்மாதான். அவங்க எழுத்துதான் இருக்கும்."

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீக" என்றார். தப்பாக நினைக்க வேண்டியதைச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். "இரும்பு ஆளுக தலைக்கு மேல நிக்கப் போகுது. இம்புட்டு நாளு உங்க எழுத்த நம்பி ஏத்துனேன்."

"இம்புட்டு நாளும் பாத்தது அவங்கதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இந்த ஒரு ஷெட்டு. தப்பில்லாம நின்னுச்சுன்னா இனிமே அவுக எழுத்தே போதும். கோளாறு வந்துச்சு, அடுத்த வேலையிலருந்து சரிபாக்கிறது திருச்சியில எனக்குத் தெரிஞ்ச ஆளுக. நீங்க வரைஞ்சு குடுத்தா மட்டும் போதும்."

ஆமத்தூர்க்காரர் எதிரில்தான் இருந்தார். முதல் வரைபடம் அச்சாகி வந்ததும், அந்த இரண்டாவது கட்டத்தை மட்டும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இனி எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளுக்கு எண் போடுவதில் ஒரு தனிக் குணம் உண்டு. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற துண்டுகளுக்கெல்லாம் ஒரே எண். எழுபது தகடுகள் ஒரே அளவில், ஒரே இடத்தில் துளைகளோடு இருந்தால் எழுபதும் 12தான். அவற்றில் ஒன்றின் துளையை ஒரு நூல் நகர்த்தினாலும் அது 12 இல்லை. வரிசையின் கடைசியில் ஒரு புது எண்ணை வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். எழுபதையும் மாற்றினால் எழுபதும் மூட்டை கட்டிக்கொண்டு போகும். 12 காலியாகக் கிடக்கும். அந்தக் காலி வீட்டில் வேறு யாரையும் குடிவைக்க மாட்டேன் என்பது மென்பொருளின் கொள்கை. பழைய 12 எங்காவது ஒரு காகிதத்தில் இருந்து, அதைப் பார்த்து யாரும் குழம்பிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. ஆகவே வேலை நடக்க நடக்க வரிசையில் இடைவெளிகள் விழும். ரொம்ப நியாயமான ஏற்பாடு. இதை நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். 'வரைபடம் வெளியே போன பிறகு எண்ணைத் தொடாதே' என்று எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதும் என் கையெழுத்துதான்.

ஆனால் இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் பதினோரு வருடம் சிவகாசியில் பில் புக் அடிக்கும் அச்சகத்தில் இருந்தவன். என் பொறுப்பு நம்பரிங். அச்சாகி வந்த கட்டைக் கையில் பிடித்து, தாள்களின் மூலையைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 436, 437, 438 என்று ஓடுகிறதில் 437 இல்லையென்றால் அன்றைக்கு அச்சகத்தில் யாருக்கும் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரைத் தப்பாக அடித்துக்கூடத் தப்பித்திருக்கிறோம். பில் புக்கில் ஒரு எண் விட்டுப்போனால் மன்னிப்பே கிடையாது. "437 எங்கன ஒளிச்சு வச்சிருக்கேன்னு வரி ஆபீஸ்ல கேக்காகய்யா! நான் எங்கன போக?" என்று கடைக்காரர் புத்தகத்தோடு வந்து நிற்பார். அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு நான் சென்னைக்குப் போனதும், வரைபட வேலை கற்றதும், ஊர் திரும்பி மாடி பிடித்ததும் வேறு கதை. ஆள் மாறினாலும் கட்டைவிரல் மாறவில்லை.

அந்த வேலையில் முதல் லாட் வரைபடங்கள் ஒரு வியாழக்கிழமை பட்டறைக்குப் போயின. பெரும்பாலும் தகடுகள். இரண்டாவது லாட்டில் மீதித் தகடுகளும், எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று காட்டும் வரைபடங்களும். சனிக்கிழமை மதியம் அதுவும் தயார். ஆமத்தூர்க்காரர் எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்துவிட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கிளம்பினார்.

"எல்லாம் பாத்துட்டேன் சார். அப்படியே அனுப்பிருங்க. எதையும் தொட வேண்டாம்."

"நான் எதைத் தொடப் போறேன்?" என்றேன். உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

அனுப்புவதற்கு முன் துண்டுகளின் பட்டியலை ஒரு தடவை திறந்து பார்த்தேன். சும்மா ஓர் அபிமானம்தான். 1, 2, 3, 5, 6, 9, 10, 14. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது எண்கள் இல்லை. இந்தப் பட்டியலின் கீழே என் அலுவலகத்தின் பெயர் வேறு இருந்தது. மென்பொருளின் மெனுவில் 'எல்லாவற்றுக்கும் மறுபடி எண்' என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு. அமுக்கினேன். நிச்சயமாகவா என்று ஒரு கட்டம் வந்து கேட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி. நிச்சயமாக என்றேன்.

முதல் லாட் ஏற்கெனவே போய்விட்டது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டறைக்காரர் எந்தக் காகிதத்தையும் ஒரு வாரத்துக்குள் பிரித்ததாகச் சரித்திரம் இல்லை. திங்கட்கிழமை முதல் லாட்டையும் புது எண்களோடு திரும்ப அனுப்பிவிட்டால் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். இப்போது பட்டியல் 1 முதல் 143 வரை ஒரு மூச்சில் ஓடியது. கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது லாட் வரைபடங்கள் எல்லாம் தாமாகவே புது எண்களை வாங்கிக்கொண்டன. கீழே 'சரிபார்த்தவர்' கட்டத்தில் அவர் எழுத்து அப்படியே இருந்தது. அனுப்பிவிட்டு, கீழே போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை மனு எழுத ஏழு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னதில், முதல் லாட்டைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டறைக்காரர் போன் செய்தார். எனக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் பழக்கம்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?"

பதினோரு மணிக்கு இதைக் கேட்டால் சங்கதி பெரிது. "ஆச்சு. சொல்லுங்க."

"27ஆம் நம்பர் பிளேட்ட எடுத்தா ஆறு ஓட்டை இருக்கு. உங்க டிராயிங்ல எட்டு ஓட்டை போட்டிருக்கு. மூணு உத்திரத்துல வெல்டிங் அடிச்சப்புறம் ஃபிட்டருக்குச் சந்தேகம் வந்து எண்ணிப் பாத்திருக்கான்."

"27தானே? நல்லாப் பாத்தீகளா?"

"நான் பாக்கிறது இருக்கட்டும், நீங்க பாத்தீகளா? அங்கிட்டு இன்னொரு குவியல்ல இன்னொரு 27 கெடக்கு. அதுல எட்டு ஓட்டை. ஒரு பட்டறையில ரெண்டு 27! முன்னப்பின்ன ஒரு நாளும் பாத்ததில்லய்யா."

சரித்திரத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் காகிதம் வந்த மறுநாளே வெட்டத் தொடங்கியிருந்தார். முதல் லாட்டைப் பழைய எண்ணோடு வெட்டி முடித்து, இரண்டாவதைப் புது எண்ணோடு வெட்டியிருக்கிறார். எனக்கு விஷயம் முழுசாக விளங்கியது. விளங்கிய அதே நொடியில் என் வாய் சொன்னது: "சிஸ்டத்துல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு."

"சிஸ்டம் கெடக்கட்டும். கீழ கட்டத்துல அந்தம்மா எழுத்துதான இருக்கு? நான் அன்னைக்கே சொன்னேன். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கிரேன். அதான் ஆனியில கடைசி வெள்ளி. அன்னைக்கு நிக்கலைன்னா ஆவணிதான், திருச்சிதான்." வைத்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது ஆமத்தூர்க்காரர் திரையில் எண் போட்ட விவரக் குறிப்பைத் திறந்திருந்தார். யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று அந்த மென்பொருள் ஒன்று விடாமல் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்கு விசுவாசம் கிடையாது.

"சிஸ்டத்துக்குக் கையா காலா இருக்கு சார்? சனிக்கிழமை, மதியம் ஒண்ணு பதினாலு. அந்நேரம் நான் ஸ்கூல்ல ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"நடுவுல பத்தொம்பது நம்பர் விட்டுப்போயிருந்துச்சும்மா."

"அது விட்டுப்போகல சார். நான் விட்டிருந்தேன்."

"பேக்கப் இருக்குல்ல? பழசை எடுத்து வச்சிரலாம்" என்றேன்.

"வச்சு? ரெண்டாவது லாட்டுல புது நம்பர் அடிச்சு வெட்டியாச்சே. முன்னால போனாலும் பாதி தப்பு, பின்னால போனாலும் பாதி தப்பு." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பட்டறைக்குப் போவோம். அவர்ட்ட நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?"

"நான்தான் சொல்லணும். முதல்ல வேலையச் சரி பண்ணுவோம், அப்புறம்..."

"ரெண்டும் ஒரே வேலைதான் சார்" என்றார்.

மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சாத்தூர் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான் வாக்கியங்களைத் தயார் செய்தேன். படித்த படிப்பெல்லாம் அப்போதுதான் கை கொடுத்தது. 'எதிர்பாராத விதமாக ஒரு பிழை நேர்ந்துவிட்டது' என்பது சாத்தூர் வருவதற்குள் மிக நேர்த்தியாக வந்துவிட்டது. யார் செய்தார்கள் என்பது அதில் எந்தப் பக்கமும் தெரியாது. இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கே என் மேல் அனுதாபம் வந்தது.

பட்டறையில் தகடுகள் இரண்டு குவியல்களாகக் கிடப்பதாகத்தான் போனில் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று யாரோ இடத்தைச் சுத்தம் செய்து இரண்டையும் ஒரே குவியலாக்கியிருந்தார்கள். நானூற்றுச் சொச்சம் தகடுகள். எந்த 27 பழைய 27, எந்த 31 புது 31 என்று தகட்டின் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

பட்டறைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். ஆமத்தூர்க்காரரைப் பார்த்து, "என்ன தாயி, எழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு வாட்டி ஓட்டைய எண்ணிருக்கக் கூடாதா?" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தகடு ஒன்றை எடுத்து டேப்பால் அளந்துகொண்டிருந்தார். டீயைக் கீழே வைத்தேன்.

"எதிர்பாராத விதமாக..." என்று ஆரம்பித்தேன்.

"என்னது?"

"அவங்க இல்ல. நான்தான் அமுக்கினேன். அவங்க பாத்துச் சரின்னு வச்சிட்டுப் போனப்புறம், எல்லா நம்பரையும் நான் மாத்திட்டேன். போன்ல சிஸ்டம்னு சொன்னது பொய்."

பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? எதுக்கு?"

"வரிசையில நடுவுல நடுவுல நம்பர் இல்ல. ஒழுங்கா அடுக்கினேன்."

"எத்தன நம்பர் இல்ல?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதா!" அவர் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது. என் மேல் அல்ல. "ஒரு நம்பர் இல்லேன்னாலே கேக்கிறவனுக்குப் பதில் சொல்லி மாளாதே. எங்க மச்சான் கடையில ஒரே ஒரு பில்லு விட்டுப்போயி அவன் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்."

ஃபிட்டரும் வந்து சேர்ந்துகொண்டார். நாற்பது வயது, முன்பு பட்டாசு கம்பெனியில் இருந்தவர். "எங்க கம்பெனியில பெட்டி நம்பர் ஒண்ணு விட்டிருச்சுன்னா லோடே ஏத்த மாட்டாகண்ணே. லாரி நிக்கும். மறுபடி மொதல்லருந்து எண்ணுவாக." வெல்டர்கள் இருவர் தலையாட்டினார்கள். நான் தலை குனிந்து நிற்க வந்த இடத்தில் மொத்தப் பட்டறையும் என் கட்சி. இந்த வட்டாரத்தில் பிறந்தவன் யாராக இருந்தாலும் அந்தப் பொத்தானை அமுக்கியிருப்பான் என்று தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எல்லாரும் பேசி முடிச்சிட்டீகளா?" என்றார் ஆமத்தூர்க்காரர். டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, பில்லு நம்பரு வரிசைக்கு. இது பேரு. உங்க பிள்ளைக பாதிப் பேரு பள்ளிக்கூடத்துக்குப் போனப்புறம் வீட்டுல இருந்துக்கிட்டு எல்லாருக்கும் பேர மாத்தி வச்சா, சாயங்காலம் யாரக் கூப்பிட்டா யாரு வருவா?"

பட்டறைக்காரர் யோசித்தார். "வாஸ்தவந்தான்." பிறகு டீ தம்ளரை வைத்துவிட்டு, "ஆனா தாயி, யாரு அமுக்குனாலும் காகிதத்துல உங்க எழுத்து இருக்கு. நான் சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கிழமை நிக்கணும்" என்றார்.

"நிக்கும்" என்றார் அவர்.

அவருடைய யோசனை எளிது. எண்களை மாற்ற வேண்டாம். எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும். மென்பொருளிலும் அதற்கு வசதி இருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னெழுத்து வேறாக வைத்துக்கொள்ளலாம். பழைய லாட்டுக்கு ஒரு எழுத்து, புது லாட்டுக்கு ஒரு எழுத்து என்று கணினியில் கொடுத்து, சேர்ப்பு வரைபடங்களை மட்டும் மறுபடி எடுத்துவிட்டால் இரண்டு 27களும் சண்டையில்லாமல் இருக்கும். ஆனால் தகட்டில் எப்படிக் காட்டுவது? சாக்பீஸ் கை பட்டால் அழியும். பட்டறையில் இருந்த ஒரே பெயின்ட் சிவப்பு, அது ஏற்கெனவே எல்லாவற்றின் மேலும் தெறித்துக் கிடந்தது. எழுத்தைப் பஞ்ச் வைத்து அடிக்கலாம். அதற்கு முன்னால் நானூறையும் பிரித்தாக வேண்டும், பிரித்ததைக் கலையாமல் காக்க வேண்டும்.

அவர் அச்சகத்துக்குப் போன் போட்டார். "அண்ணே, நம்ம ஷெட் வேலைக்குத்தான். பட்டாசு லேபிள்ல கழிச்சுப் போட்டது ரெண்டு தினுசு இருந்தா, தினுசுக்கு ஒரு கட்டு குடுத்து விடுங்களேன்."

ஒரு மணி நேரத்தில் பைக்கில் இரண்டு கட்டு வந்தது. ஒன்று மயில் போட்ட லேபிள். கலர் விலகி மயிலுக்கு இரண்டு அலகு. மற்றது தரைச் சக்கரம். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் பத்தடி தூரத்திலிருந்து மயிலுக்கும் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியும், வாசிக்கக்கூட வேண்டாம்.

அன்று மதியமும் மறுநாள் முழுக்கவும் அந்த வேலைதான். ஆமத்தூர்க்காரர் ஒவ்வொரு தகடாக எடுத்து அளந்து துளைகளை எண்ணிச் சொல்வார். நான் இரண்டு பட்டியல்களை மடியில் வைத்துக்கொண்டு எதில் அது இருக்கிறது என்று தேடிச் சொல்வேன். ஃபிட்டர் பசை தடவி ஒட்டுவார். தடவும் வேகத்தில் தகடு கையில் வந்ததே தெரியாது.

"இருபத்தேழு. ஆறு ஓட்டை."

"பழசு."

"மயிலு!" என்று ஃபிட்டர் கத்துவார்.

"இருபத்தேழு. எட்டு ஓட்டை."

"புதுசு."

"சக்கரம்!"

மூன்றாம் முறை நான் தேடத் தாமதித்தபோது, "அண்ணாச்சி, மயிலா சக்கரமா, வெரசா சொல்லுங்க, பசை காயுது" என்று ஃபிட்டர் அதட்டினார். நான் பல காலமாக யாராலும் இப்படி வேலை வாங்கப்பட்டதில்லை. ஆறு துளை போட்ட மயில் 27, இரண்டு உத்திரங்களும் சந்திக்கும் முகட்டுக்கு வர வேண்டியது. எட்டுத் துளை போட்ட சக்கரம் 27, உத்திரம் தூணோடு சேருமிடத்துக்கு. வெளி அளவு இரண்டுக்கும் ஒன்றே. அதனால்தான் மூன்று உத்திரங்களில் முகட்டுத் தகடு தூண் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. வியாழன் சாயங்காலம் அந்த மூன்றையும் அறுத்து எடுத்தார்கள். லேபிளைப் பார்த்து எழுத்து அடித்து முடித்த தகடுகள் ஒவ்வொன்றாக வெல்டிங்குக்குப் போயின. மயில்கள் தீயில் கருகிச் சுருண்டன. புது முன்னெழுத்தோடு வரைபடங்களை ஆமத்தூர்க்காரர் அங்கேயே உட்கார்ந்து எடுத்தார். அனுப்பும் பொத்தானை அவரே அமுக்கினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன், யாரும் சொல்லாமலே.

ஆனிக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கிரேன் வந்தது. தூணும் உத்திரமும் சேர்ந்த ஆறு சட்டங்கள் நிற்க வேண்டும். முதல் நாலும் யாரோ ஒத்திகை பார்த்தது போல ஏறின. துளைக்குள் போல்ட் போகும் அந்தச் சத்தம் எனக்கு எந்தக் கச்சேரியை விடவும் பிடித்தமானது. ஐந்தாவது சட்டத்தின் உத்திரம் மேலே போய்த் தூணோடு சேர்ந்தது. மேலே இருந்தவர் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"ஓட்டை ஒக்கலைண்ணே!" என்று குரல் வந்தது.

பட்டறைக்காரர் திரும்பி ஆமத்தூர்க்காரரைப் பார்த்தார். அச்சக முதலாளி பார்த்தார். கிரேன்காரர்கூட இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார். மேலே ஒரு டன் இரும்பு கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. ஆமத்தூர்க்காரர் எழுத்து போட்ட காகிதம் அவர் கையிலேயே இருந்தது. ஆனால் அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து உத்திரத்தின் முனையைப் பார்த்தார்.

"தூண்ல எத்தன ஓட்டைண்ணே?"

"எட்டு!"

"உத்திரத்துல?"

மேலே இருந்தவர் எண்ணினார். "ஆறு."

"திருப்பிப் போட்டிருக்கீக. அது மயில் பக்கம்ணே. மயிலு முகட்டுக்குப் போகணும், சக்கரம் தூணுக்கு!"

"ஏலே, திருப்பிக் கட்டிட்டீகளாலே!" என்று பட்டறைக்காரர் கீழே நின்ற ஆட்களைப் பார்த்துக் கத்தினார். உத்திரம் இறங்கியது. முனை மாற்றிக் கட்டி மறுபடி ஏற்றினார்கள். மேலே இருந்தவர் முதல் போல்ட்டைத் தள்ளினார். சுத்தியல் தேவைப்படவில்லை. எட்டும் கையாலேயே போயின.

ஆறாவது சட்டமும் நின்ற பிறகு மணி இரண்டு. முதலாளி எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் வரவழைத்திருந்தார். பட்டறைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து ஆமத்தூர்க்காரரிடம் கொடுத்தார். பாராட்டு என்று எதுவும் சொல்லவில்லை. அந்த வழக்கம் அவருக்கு இல்லை.

"தாயி, திருத்தங்கல் பக்கம் ஒரு குடோன் வேலை வந்திருக்கு. இதவிட ரெண்டு பங்கு. உங்க எழுத்து இல்லாம ஒரு காகிதமும் என் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

"என் எழுத்து வேணும்னா ஒண்ணு அண்ணாச்சி. நான் எழுத்துப் போட்டப்புறம் யாரும் தொடக் கூடாது."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பட்டறைக்காரர்தான் திரும்பினார். "அண்ணாச்சி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன், வாயில் சோற்றோடு.

திருத்தங்கல் குடோன் வேலை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. 'வரைந்தவர்' கட்டத்தில் இப்போது என் எழுத்து இருக்கிறது; ஐந்து வருடத்துக்குப் பிறகு திரும்பவும் உட்கார்ந்து வரைகிறேன். அவ்வளவு மோசமாக வரவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். முதல் வரைபடத்தைச் சரிபார்க்கக் கொடுத்தேன். பதினேழு சிவப்பு வட்டங்களோடு இன்று காலை திரும்பி வந்தது. பதினாறு நியாயமானவை. பதினேழாவதில் நான் போட்டதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதியம் அவர் சாப்பிட்டு வந்ததும் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.